சிவப்பு தெரியாத பிலிம்

ஒரு படத்தைப் பழசாக்க இப்போது மொபைலில் ஒரு தட்டு போதும். கலரை உருவிவிட்டு, கொஞ்சம் பழுப்பு ஏற்றி, மேலே நாலு கீறலையும் போட்டுத் தந்துவிடுகிறது ஆப். ஆனால் 1930களின் ஹாலிவுட் ஸ்டூடியோ உருவப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. கீறலும் பழுப்பும் அந்தப் படத்துக்குப் பிற்காலத்தில் வந்த வியாதிகள். எடுத்தவர்கள் கையில் வாங்கியது பளிச்சென்ற, ஆழமான கறுப்புள்ள, மாசு மருவில்லாத பிரிண்ட். நம்மை இன்றும் நிறுத்திப் பார்க்க வைப்பது அந்தக் காலத்துப் பொருள்களின் குணம்தான். பிலிம் எந்த நிறத்தைப் பார்த்தது, விளக்கு எங்கிருந்து அடித்தது, நெகட்டிவ் எவ்வளவு பெரிது, துணி எப்படித் தொங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் அந்தத் தோற்றத்தை இன்றைக்கும் கொண்டுவரலாம்.

முதலில் பிலிம். 1920களின் நடுப்பகுதிவரை சினிமாவில் பெரும்பாலும் ஓடியது ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம். அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே அதைக் கழுவலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மௌனப் படங்களில் சிவப்புச் சாயம் பூசிய உதடு கரியாகத் தெரிகிறது. நீலக் கண் வெளுத்துப்போய் உள்ளே வெளிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. நீல வானம் மேகமே இல்லாத வெள்ளைத் தாளாகிறது. கன்னத்துச் சிவப்பு, பரு, மூக்கோர ரத்த நாளம் எல்லாம் இருண்ட புள்ளிகளாக எழும்பிவிடும். நடிகர்கள் முகத்தில் அத்தனை தடிமனாக மேக்கப் அப்பியதற்கு நாடக மேடைப் பழக்கம் ஒரு காரணம், பிலிமின் இந்தக் குருட்டுத்தனம் இன்னொரு காரணம்.

எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் பிலிமை ஈஸ்ட்மன் கோடாக் 1922இலேயே வழக்கமான சரக்காக விற்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அது முழுதாக இடம்பிடிக்க அந்தப் பத்தாண்டின் கடைசிவரை ஆனது. அதை உந்தித் தள்ளியவற்றில் பேசும் படமும் ஒன்று. அதுவரை செட்டில் எரிந்த கார்பன் ஆர்க் விளக்குகள் இரைச்சல் போடும், மைக்கில் அது விழும். சத்தம் போடாத டங்ஸ்டன் பல்பு விளக்குகளுக்கு மாறினார்கள். டங்ஸ்டன் வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. சிவப்பே தெரியாத பிலிமுக்கு அந்த விளக்கு பாதி அணைந்த மாதிரிதான். ஆக, பான்குரோமாட்டிக் பிலிம் தேவைப்பட்டது. பிலிம் மாறியதும் பழைய மேக்கப் நிறங்கள் தப்பாக விழுந்தன. 1928இல் ஹாலிவுட்டின் மேக்கப் நிபுணர் மேக்ஸ் ஃபேக்டர் இந்தப் பிலிமுக்கென்றே தனி மேக்கப் வரிசையைக் கொண்டுவந்தார். மைக் வந்ததால் லிப்ஸ்டிக் மாறியது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். நடந்தது அதுதான்.

இந்தச் சிவப்புக் குருட்டை இன்று வரவழைக்க மூன்று வழிகள் உண்டு. நேர்வழி, ஆர்த்தோ பிலிமே வாங்குவது. இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் 2019 முதல் 35 மி.மீ., 120 என்ற இரண்டு பிலிம் அளவுகளிலும் கிடைக்கிறது. அதன் வேகம் பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 80, டங்ஸ்டனில் 40. மேலே சொன்ன காரணம்தான். இதை மறந்து டங்ஸ்டன் விளக்கின் கீழ் 80 என்றே மீட்டரில் வைத்தால் நெகட்டிவ் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம்தான் பெற்று, மெலிந்து வரும், நிழலில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது வழி, சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமில் ரெட்டன் 44 என்கிற சயான் (நீலப்பச்சை) ஃபில்டரைப் போட்டு எடுப்பது. சிவப்பை அது தடுத்துவிடும்.

மூன்றாவது டிஜிட்டல். ரா கோப்பாக எடுத்து, படம் திருத்தும் மென்பொருளின் சேனல் மிக்ஸரில் சிவப்பு 0, பச்சை 65, நீலம் 35 என்று தொடங்குங்கள். மூன்றும் சேர்ந்து 100 வந்தால் வெளிச்ச அளவு குலையாது. நீலத்தை 50க்கு மேல் ஏற்றினால் மூன்று கோளாறு வரும். நாய்ஸ் எனும் புள்ளிக் கோளாறு கொப்பளிக்கும், ஏனென்றால் சென்சாரில் நீலச் சேனல்தான் வழக்கமாகப் பலவீனம். தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பிதுங்கும். ஜேபெக்காக எடுத்திருந்தால் கட்டம் கட்டமாக உடையும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் நீலமே இருக்காது என்பதால் இந்த வேலைக்கு ஜன்னல் வெளிச்சமோ ஃபிளாஷோ வேண்டும். பருக்கள் உள்ள முகத்துக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பான்குரோமாட்டிக் தோற்றமே அவர்களுக்கு நல்லது: சிவப்பு 40, பச்சை 40, நீலம் 20.

கழுவும் டெவலப்பரிலும் பழமை வேண்டும் என்றால் கோடாக் 1927இல் கொண்டுவந்த டி-76 இருக்கிறது. சினிமா நெகட்டிவுக்காக உருவான சூத்திரம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரி அளவில் சூடான 750 மி.லி. தண்ணீரில் தொடங்கி, கடைசியில் குளிர்ந்த நீர் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். கரைக்கும் வரிசைதான் உயிர்நாடி. சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் அந்தக் கரைசலில் மெட்டால் கரையவே கரையாது, வெள்ளைத் துகளாக மிதக்கும். மெட்டாலை மட்டும் முதலில் போட்டால் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கும். அதனால் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும், அது கரைந்தபின் மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், கடைசியில் போராக்ஸ். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டால் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. விளிம்புவரை நிரப்பி மூடிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம்தான். டிரை-எக்ஸ் 400 என்ற கோடாக் கறுப்பு வெள்ளை பிலிம் என்றால் 20 டிகிரியில் நீர் கலக்காத டி-76இல் ஆறேமுக்கால் நிமிடம், ஒன்றுக்கொன்று நீர் கலந்தால் ஒன்பதேமுக்கால். பாதி பாதியாகக் கலந்து ஒருமுறை பயன்படுத்திவிட்டு ஊற்றிவிடுவதே நல்லது. பழைய கரைசலைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு ரோலும் ஒவ்வொரு கான்ட்ராஸ்டில் வரும்.

விளக்கு

பிலிமைச் சரியாகப் பிடித்துவிட்டுப் வெளிச்சத்தை மென்மையாக்கிப் பரப்பும் பெரிய சாஃப்ட்பாக்ஸின் கீழ் உட்காரவைத்தால் எல்லாம் வீண். சாஃப்ட்பாக்ஸ் நிழலின் ஓரத்தை அழித்துவிடும். 1930களின் முகங்கள் நிழலால் செதுக்கப்பட்டவை. கன்ன எலும்பின் கீழ் உள்ள பள்ளம், தாடையின் கீழ்க் கோடு, மூக்கின் கீழ் அந்தச் சின்ன வண்ணத்துப்பூச்சி நிழல், இவை எல்லாம் கடின வெளிச்சத்தின் வேலை. அப்போது அதற்கு ஒளியைக் குவிக்கும் ஃபிரெனல் லென்ஸ் பொருத்திய ஸ்பாட் விளக்கு. இன்று ஃபிரெனல் போட்ட எல்இடி, அல்லது கேமராவிலிருந்து கழற்றிய சிறு ஃபிளாஷின் ஜூமை 105 மி.மீ.க்கு வைத்து, முன்னால் ஒளி பரவாமல் தடுக்கும் ஒரு கிரிட்.

நடிகை மார்லின் டீட்ரிச்சின் பாரமவுண்ட் ஸ்டூடியோ படங்களோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு இது. முக்கிய விளக்கு முகத்துக்கு நேர் எதிரே, கேமராவுக்கு மேலே, முகத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். உயரத்தை அளவுகோலால் பார்க்க வேண்டாம், நிழலைப் பாருங்கள். மூக்கின் நிழல் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் பாதிதூரம் இறங்கினால் போதும். உதட்டைத் தொட்டால் விளக்கு உயரம் அதிகம். கண்குழியும் அப்போது இருண்டிருக்கும், கண்ணில் வெளிச்சப் புள்ளியும் காணாமல் போயிருக்கும். நிழலே இல்லை என்றால் விளக்கு தாழ்ந்துவிட்டது, முகம் தட்டையாகிவிடும். கண்மணியில் வெளிச்சப் புள்ளி கடிகாரத்தின் 12 மணி இடத்தில் நிற்க வேண்டும். குண்டுக் கன்னத்தை இந்த அமைப்பு மெலிதாக்கிக் காட்டும். ஒடுங்கிய முகத்தையோ எலும்புக்கூடாக்கிவிடும், அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு விளக்கை 30 டிகிரி பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

ஆள் தலையைத் திருப்பினால் விளக்கும் கூடவே நகரவேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கு எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கம்தான் விளக்கு. ஹாலிவுட் உருவப்படக் கலைஞர் ஜார்ஜ் ஹரெல் முக்கிய விளக்கை ஒரு நீண்ட பூமில், அதாவது கம்பக் கையில், மாட்டி வைத்திருந்ததன் பயனும் அதுதான்: நொடியில் தலைக்கு மேலேயே நகர்த்திவிடலாம்.

பின்னணி கறுக்க வேண்டும் என்றால் கறுப்புத் திரை தேட வேண்டியதில்லை. விளக்கிலிருந்து ஆள் ஒன்றரை மீட்டரில், ஆளிலிருந்து சுவர் இன்னொரு ஒன்றரை மீட்டரில் என்றால் சுவருக்குப் போவது கால்பங்கு வெளிச்சம், அதாவது இரண்டு ஸ்டாப் கம்மி. சாம்பல் சுவர் நல்ல கருஞ்சாம்பலாகிவிடும். நிழல் பக்கத்தைத் தூக்க ஒரு வெள்ளை அட்டை. முகத்தின் வெளிச்சப் பக்கத்தைவிட நிழல் பக்கம் இரண்டு அல்லது இரண்டரை ஸ்டாப் கீழே இருக்கட்டும். கூந்தலுக்கு ஒரு பின்விளக்கு, உயரத்திலிருந்து, ஒடுங்கிய கூம்பு போட்டு. அதன் ஒளி லென்ஸில் நேராகப் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். லென்ஸுக்கும் அந்த விளக்குக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்தால் சரியாகும். பழைய படங்களின் கூந்தலில் ஓடும் அந்தப் பளபளப்புக்கு விளக்கு பாதி, கூந்தலில் போட்ட அலை பாதி. விரித்துவிட்ட நேரான கூந்தலில் அந்த ஒளி வரிசையாக உட்காராது.

பெரிய நெகட்டிவும் ஒரு பென்சிலும்

கடின வெளிச்சம் தோலை மன்னிக்காது. பின்னே எப்படி அந்த முகங்கள் பளிங்காக இருக்கின்றன? ஸ்டூடியோ உருவப்படங்கள் 8க்கு 10 அங்குல நெகட்டிவில் எடுக்கப்பட்டவை. பருவோ சுருக்கமோ பிரிண்ட்டில் இருட்டாக வரும் என்றால், நெகட்டிவில் அந்த இடம் மெலிந்து, ஒளி ஊடுருவும்படி இருக்கும். ரீடச் செய்பவர் நெகட்டிவின் மேல் பிடிப்பு தரும் வார்னிஷைத் தடவி, பூதக்கண்ணாடியின் கீழ், ஊசிபோல் சீவிய கிராஃபைட் பென்சிலால் அந்த ஓட்டையைப் புள்ளி புள்ளியாக அடைப்பார். பிரிண்ட்டில் அந்த இடம் வெளுத்துப் பக்கத்துத் தோலோடு சேர்ந்துவிடும். பென்சிலால் வெளுப்பாக்கத்தான் முடியும். பிரிண்ட்டில் ஒரு இடம் இருள வேண்டும் என்றால் கத்தியால் படம் பதிந்த பூச்சான எமல்ஷனைச் சுரண்ட வேண்டும், கை பிசகினால் நெகட்டிவ் போச்சு. 35 மி.மீ. நெகட்டிவில் ஒரு கண்ணே கடுகளவுதான், அங்கே பென்சில் செல்லாது.

கணினியில் இதற்குச் சமம், இடம் பார்த்து வெளுக்கவும் இருளவும் செய்யும் டாட்ஜ்-பர்ன். பிரஷின் ஃபுளோவை 3 முதல் 5 சதவீதத்துக்குள் வைத்து, படத்தை 100 சதவீதப் பெரிதாக்கலில் பார்த்து, இருண்ட புள்ளிகளை மட்டும் தூக்குங்கள். தோலை ஒரேயடியாக மங்கலாக்கும் வடிகட்டிகள் துளைகளையும் சேர்த்து அழித்துவிடும். முகம் பிளாஸ்டிக் ஆவது அங்கேதான். பழைய ரீடச்சிங்கில் தோலின் மணல்தன்மை எஞ்சியிருக்கும்.

பெரிய நெகட்டிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 8க்கு 10க்கு உருவப்பட லென்ஸ் என்றால் ஏறக்குறைய 360 மி.மீ. பார்வைக் கோணத்தில் அது இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவின் 50 மி.மீ. அளவுதான். ஆனால் லென்ஸ் துளையை எஃப் 11க்குச் சிறிதாக்கி எடுத்தாலும் அதன் கூர்மை ஆழம் ஃபுல் ஃபிரேமில் எஃப் 1.5 அளவுக்குத்தான் இருக்கும். கண் கூர்மையாக, காது கரைந்து போயிருக்கும் அந்தத் தோற்றம் இப்படி வந்தது. மெதுவான பிலிம், எஃப் 11, டங்ஸ்டன் விளக்கு மூன்றும் சேர்ந்தால் ஷட்டர் அரை நொடி, ஒரு நொடி என்று திறந்திருக்க வேண்டிவரும். சோபாவில் சாய்வதும், கையில் தாடையை ஊன்றுவதும் ஒயிலாகத் தெரிவது ஒருபுறம் இருக்க, தலை ஆடாமல் நிற்கவும் அவை உதவும். டிரைபாடில் வைத்துக் கால் நொடியில் எடுத்துப் பாருங்கள், முகத்தின் அமைதியே வேறாகும். தொடர் ஷாட்டில் நாற்பது படம் எடுத்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தால் அந்த முகம் வரவே வராது என்பது என் உறுதியான கருத்து.

சாஃப்ட் ஃபோகஸ் என்றால் ஃபோகஸ் தவறுவது என்று நினைப்பவர்கள் ஏராளம். கூர்மையான ஒரு பிம்பம், அதன் மேல் ஒரு ஒளி மூட்டம், இரண்டும் சேர்ந்தால்தான் அது. வொலன்சாக் வெரிட்டோ போன்ற லென்ஸ்கள் முழுக்கத் திறந்த எஃப் 4இல் மூட்டமாகவும், எஃப் 8 தாண்டினால் சாதாரண லென்ஸாகவும் நடக்கும். திறந்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு மூடினால் ஃபோகஸ் இடமும் நகர்ந்துவிடும், எடுக்கப்போகும் அப்பெர்ச்சரிலேயே (துளை அளவிலேயே) ஃபோகஸ் செய்ய வேண்டும். அது கையில் இல்லாதவர்களுக்குக் கறுப்பு நைலான் ஸ்டாக்கிங் போதும். லென்ஸின் முன்னால் இழுத்துக் கட்டி, எஃப் 2.8 முதல் 4க்குள் எடுங்கள். வெள்ளை வலை நிழலையும் வெளுக்கச் செய்யும், கறுப்பு வலை கறுப்பைக் காப்பாற்றும். எஃப் 8க்கு மூடினால் வலையின் கட்டமே படத்தில் விழலாம். வாசலின் தடவுவதானால் யுவி ஃபில்டரில், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு விட்டுவிட்டு ஓரங்களில். லென்ஸில் நேரடியாகத் தடவாதீர்கள்.

பழைய லென்ஸ், பழைய கேமரா வாங்குவோருக்கு நாலு வார்த்தை. எம்42 திருகு லென்ஸ்களுக்குப் பின்தூரம், அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து பிலிம்வரை உள்ள தூரம், 45.46 மி.மீ. கேனான் ஈஎஃப் 44 மி.மீ. என்பதால் மெல்லிய அடாப்டரில் நன்றாக உட்காரும், மிரர்லெஸ்ஸில் பிரச்சினையே இல்லை. நிக்கான் எஃப் மவுண்ட் 46.5 மி.மீ. என்பதால் கண்ணாடியில்லா அடாப்டரில் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4இன் சில பதிப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். யுவி விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளியும். 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்த மீட்டரில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் பல கேமராக்களில் அளவு தப்பும். காதுகேள் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி கிட்டத்தட்டச் சரியான மின்னழுத்தம் தரும், ஆனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கேமராவின் பின்கதவு ஓரத்து நுரை பிசினாகியிருந்தால் ஒளி கசியும், புதிய நுரை ஒட்டுவது அரைமணி வேலை.

துணி

கறுப்பு வெள்ளையில் துணியின் நிறம் முக்கால்வாசி பொருட்டே இல்லை. அது ஒளியை எறிகிறதா, விழுங்குகிறதா என்பதே கேள்வி. சாட்டின் எறியும், வெல்வெட் விழுங்கும். அதனால்தான் 1930களின் அந்தச் சாட்டின் கவுன் உடம்பின் மேல் உருகி ஓடுவதுபோல் தெரிகிறது. பாதிப் புகழ் சாட்டினுக்கு, பாதி வெட்டுக்கு. துணியை இழைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டும் பயஸ் கட்டை 1920களில் பாரிஸில் மெடலின் வியோனே ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார். இப்படிச் சாய்வாக வெட்டிய துணி இழுவையாகும், உடம்பின் வளைவைப் பிடித்துக்கொண்டு இறங்கும், உடம்புக்கேற்பப் பிடித்துத் தைக்கும் டார்ட் மடிப்பு இல்லாமலேயே பொருந்தும்.

தைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். துணியை மடித்து இரட்டையாக வெட்டாதீர்கள், ஒற்றைப் பரப்பாக விரித்து வெட்டுங்கள். மடித்தால் கீழ் அடுக்கு நழுவி, இரண்டு துண்டும் வெவ்வேறு கோணத்தில் வந்துவிடும், தைத்தபின் பாவாடை காலைச் சுற்றித் திருகும். தையல் ஓரம் 2.5 செ.மீ. விடுங்கள். கழுத்தையும் கைக்குழியையும் வெட்டிய கையோடு டேப் வைத்துப் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் மேசையிலேயே விரிந்துவிடும். ஊசி 60 அல்லது 70 எண், தையல் நீளம் 2.5, அகலம் அரை மி.மீ. ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுபடும். சாட்டினில் குண்டூசி குத்திய தடம் போகாது, ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள். கடைசியாக, மடிப்பு அடிப்பதற்கு முன் ஹேங்கரில் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். துணி தன் கனத்தால் இறங்கும், அதுவும் சுற்றிலும் ஒரே அளவில் இறங்காது. பிறகுதான் தரையிலிருந்து அளந்து கீழோரத்தைச் சமப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே அடித்தால் ஒரு வாரத்தில் கீழோரம் அலை அலையாகத் தொங்கும்.

படத்துக்காக உடை தேர்ந்தெடுக்கும்போது மொபைல் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பாருங்கள். சிவப்பு ரவிக்கையும் பச்சைச் சட்டையும் ஒரே சாம்பலாக விழுவதைக் கண்டால் வியப்பாக இருக்கும். தூய வெள்ளையும் ஆபத்து. முகத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் துணி வெளுத்து மடிப்பெல்லாம் மறையும். வெளிறிய சாம்பலோ சந்தன நிறமோ பிரிண்ட்டில் நல்ல வெள்ளையாகவே விழும்.

அசல் பழைய உடையை வாங்குவதானால் சைஸ் லேபிளை நம்பாதீர்கள், அந்தக் கால எண்கள் இன்றைய எண்களோடு ஒத்துப்போகாது. உடையைத் தட்டையாக விரித்து மார்பு, இடுப்பு அளந்து இரண்டால் பெருக்கி, உங்கள் அளவைவிட 5 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் உலோக ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1930களின் பிற்பகுதி முதல் 50கள் வரை. நைலான் காயில் ஜிப் 1960களில்தான் பரவியது. அக்குளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இற்றுப்போவது அங்கேதான் முதலில். பட்டுத்துணியில் இணையிணையாகக் கீறல்போல் கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கனம் ஏற்றுவதற்காக உலோக உப்பு சேர்த்த பட்டு அது, எங்கே தொட்டாலும் உடையும், தைத்து மீட்க முடியாது. 1940களின் ரேயான் கிரேப்பைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஈரத்தில் ரேயான் பலம் இழக்கும், கிரேப் சுருங்கி இரண்டு சைஸ் குறைந்துவிடும். பயஸ் கவுனை ஹேங்கரில் வைத்துப் பாதுகாக்காதீர்கள், அமிலமற்ற தாள் வைத்துப் படுக்கவையுங்கள்.

திரையில்

பழைய படம் பார்ப்பவர்கள் டிவியில் முதலில் செய்யவேண்டியது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. அடுத்தது படத்தின் அகலத்தைச் சரிபார்ப்பது. 1932இல் நிலைபெற்ற அகாடமி சட்டகம் 1.37க்கு 1. அதை அகலத் திரைக்கு நிரப்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுப்படும். நடனக் காட்சிகளில் போவது பாதம். மௌனப் படம் துடுக்குத் துடுக்கென ஓடுகிறது என்றால் அது நடிகர்களின் குற்றமில்லை. கேமராவைக் கையால் சுற்றி நொடிக்கு 16, 18, 20 என்று எடுத்ததைப் பேசும் படத்துக்கான 24இல் ஓட்டுகிறார்கள். வேகம் திருத்திய பிரதியைத் தேடிப் பாருங்கள், அதே நடிகர் எவ்வளவு நிதானமானவர் என்று தெரியும். பலவற்றில் இரவுக்கு நீலம், வீட்டுக்குள் மஞ்சள் என்று பிலிமையே சாயத்தில் தோய்த்திருந்தார்கள். பிற்காலத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்தபோது அது போய்விட்டது.

கலரில் ஒரு வினோதம் உண்டு. 1930களில் வந்த மூன்று பட்டை டெக்னிகலர் படங்களின் பிரிண்ட்கள் இன்னும் பளபளக்கும்போது, 1950களிலும் 60களிலும் ஈஸ்ட்மன்கலரில் போட்ட எத்தனையோ பிரிண்ட்கள் ரோஸ் நிறமாகிவிட்டன. டெக்னிகலர் மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பதிந்து, நிலையான சாயங்களை அச்சுப்போல் ஒற்றி எடுத்தது. ஈஸ்ட்மன்கலர் ஒரே பிலிமுக்குள் ரசாயனத்தால் சாயத்தை உண்டாக்கியது, அதில் சயான் முதலில் மங்கிவிடும், மெஜந்தா மிஞ்சும்.

பெட்டியில் 35 மி.மீ. சினிமாச் சுருள் எதுவும் கிடைத்தால் ஓரத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 1950களின் தொடக்கம்வரை வந்த சுருள் என்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது, எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வேலை வேண்டாம், திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் கேளுங்கள். வினிகர் நெடி அடித்தால் அது அசிடேட் என்ற இன்னொரு வகை பிலிம். அழுக ஆரம்பித்துவிட்டது, மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

வீட்டுப் பிரிண்ட்களை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ போதும், சிறிய படமென்றால் 1200. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3200க்குக் குறையாமல், 16 பிட் டிஃப் கோப்பாக. மேற்பரப்பில் பட்டுத்துணி வரிபோல் புடைப்புள்ள தாள் என்றால் ஒருமுறை நேராகவும் இன்னொருமுறை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் வரி மறையும். இருண்ட பகுதிகளில் வெள்ளிபோல் மினுங்கும் படலம் தெரிந்தால் துடைக்காதீர்கள். படத்தின் வெள்ளியே மேலே வந்து படிந்திருக்கிறது, துடைத்தால் படமும் போகும்.

செயற்கை நுண்ணறிவு வைத்துக் கலர் ஏற்றும் மோகத்துக்கு ஒரு வார்த்தை. ஆர்த்தோ பிலிமில் சிவப்புப் புடவையும் கறுப்புப் புடவையும் ஒரே கறுப்புதான். எந்த மென்பொருளாலும் அதிலிருந்து நிறத்தை மீட்க முடியாது, ஊகித்துப் பூசத்தான் முடியும். பூசிப் பார்த்து மகிழ்வதில் தப்பில்லை. அசல் ஸ்கேனைத் தனியாக வைத்துவிட்டுப் பூசுங்கள், பூசியதைப் பகிரும்போது அதில் உள்ள நிறம் கற்பனை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் படங்கள் மாட்டியிருந்தால் விரலால் நெம்பாதீர்கள். மெழுகில்லாத பல் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் விட்டு, ஓரத்திலிருந்து மெல்ல அறுத்துக்கொண்டே போக வேண்டும். பாதியில் தாள் உரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களைப் பிவிசி உறையில் போடாமல் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் எழுந்து நிற்கும்.